ஒரே சோர்ஸ், பல ஹெல்ப்: பெங்களூரில் டாக்குமெண்டேஷன் வேலைக்கு வரும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு, அவுட்டர் ரிங் ரோடு என்று பெங்களூரில் எந்தப் பக்கம் போனாலும், மென்பொருளுக்கு ஹெல்ப், அதாவது அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் பக்கங்கள், எழுதும் தமிழர் ஒருவராவது கண்ணில் படுவார். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரு கற்பனை மென்பொருளை எடுத்துக்கொள்வோம். சின்னக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள், பெயர் ‘கடைக்கணக்கு’. அதற்கு இலவசப் பதிப்பு, வணிகப் பதிப்பு, நிறுவனப் பதிப்பு என மூன்று உண்டு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கிளவுடிலும் வாங்கலாம், சொந்த சர்வரிலும் போட்டுக்கொள்ளலாம்.

ஒரே சோர்ஸிலிருந்து பல பதிப்பு எடுப்பது என்றால் சரியாக என்ன?

நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார் ஒன்று அடிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் ஒன்று அடிப்பார்கள். மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். அழைப்பவர் பெயரும் வரவேற்பு எந்த ஊரில் என்பதும் மட்டும் மாறும். மண்டபம் மாறிவிட்டால் இரண்டு அச்சகத்துக்கும் தனித்தனியாகப் போன் போட வேண்டும். ஒன்றை மறந்தால் பாதிச் சொந்தம் பழைய மண்டபத்து வாசலில் நிற்கும்.

பொதுவானதை ஓர் இடத்தில் மட்டும் எழுதி, மாறுகிற இடங்களில் ‘இது எந்தப் பதிப்புக்கு’ என்று அடையாளம் (கண்டிஷன், டேக் என்பது இதுதான்) போட்டு, எல்லாப் பதிப்பையும் அந்த ஒன்றிலிருந்தே எடுத்தால் அதற்கு சிங்கிள் சோர்ஸிங் என்று பெயர். கடைக்கணக்கின் நிறுவனப் பதிப்புக்கான பிடிஎஃப், இலவசப் பதிப்புக்கான வெப் ஹெல்ப், எஃப்1 அழுத்தினால் வரும் பக்கம் எல்லாமே ஒரே மூலக் கோப்புகளிலிருந்து டூல் மூலம் தயாராகி வரும். அப்படித் தயாரிப்பதைத்தான் பில்ட் என்பார்கள்.

எங்கள் டீம் சின்னது. ஒரு காப்பி எடுத்து, அதைத் திருத்திக்கொண்டால் போதாதா?

இரண்டு பதிப்பு, இரண்டும் சீக்கிரமே வெவ்வேறு திசையில் போகப்போகின்றன என்றால் காப்பியே எடுங்கள். அதில் தப்பே இல்லை. தேவையில்லாத இடத்தில் கண்டிஷன் போட்டு மாட்டிக்கொண்டு முழிப்பதைவிட அது மேல்.

மற்றபடி கணக்கைப் பாருங்கள். மூன்று பதிப்பு, மூன்று இயங்குதளம், கிளவுட் அல்லது சர்வர்: 3 × 3 × 2, ஆக 18 கையேடு. எல்லாக் கூட்டும் விற்பனையில் இருக்காது, சரி, பாதி என்றே வையுங்கள். ஒன்பது காப்பியிலும் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று ஜனவரியில் ஒரு டிக்கெட் (திருத்தக் கோரிக்கை) வரும், மார்ச்சில் இன்னொன்று வரும். மூன்றாவது டிக்கெட்டுக்குள் எந்தக் காப்பியில் எது திருத்தப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது.

இது கற்பனைக் கஷ்டம் இல்லை. ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்றுமுதல் எவ்வளவுக்கு மேல் போனால் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்ற வரம்பு 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய். 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஏப்ரலில் 50 கோடி. 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி. 2023 ஆகஸ்டில் 5 கோடி. மூன்று வருஷத்துக்குள் ஆறு எண். பில்லிங் மென்பொருளின் ஹெல்ப்பில் இந்த எண் அமைப்புப் பக்கம், பிழைச் செய்தி விளக்கம், கேள்வி-பதில், பயிற்சிக் கையேடு என்று பத்து இடத்திலாவது இருக்கும். அதை ஒன்பது காப்பியால் பெருக்கிக்கொள்ளுங்கள். வரம்பை ஒரே ஒரு ஸ்னிப்பெட்டில் (பல பக்கங்கள் இழுத்துக்கொள்ளும் பொதுத் துண்டில்) வைத்திருந்தவர் ஒவ்வொரு முறையும் ஒரு வரியை மாற்றி பில்ட் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

‘பதிப்பு’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். மீட்டிங்கில் ஆளுக்கு ஒன்றைச் சொல்வது போலத் தெரிகிறதே?

ஆமாம், பாதிக் குழப்பம் இங்கேதான். கலந்துபோகிற விஷயங்கள் நான்கு. கடைக்கணக்கு 4.2, 5.0 என்பது ரிலீஸ். இலவசம், வணிகம், நிறுவனம் என்பது எடிஷன். பிடிஎஃப், வெப் ஹெல்ப், மென்பொருளுக்குள் திறக்கும் ஹெல்ப் ஆகியவை ஃபார்மேட். தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் என்பது மொழி.

நாலுக்கும் ஒரே மருந்து கிடையாது. ரிலீஸை கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டூல்) பிராஞ்ச், அதாவது தனிக் கிளை, வைத்துப் பிரிப்பது நல்லது. எடிஷனுக்குத்தான் கண்டிஷன். ஃபார்மேட் வித்தியாசம் முழுக்க ஸ்டைல்ஷீட்டின் (தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்பின்) வேலை, எழுத்தாளர் அதில் தலையிடவே கூடாது. மொழிக்கு மொழிபெயர்ப்புக் கோப்புகளும் டிரான்ஸ்லேஷன் மெமரியும் (முன்பு மொழிபெயர்த்தவற்றின் சேமிப்பு). இந்த நாலையும் கண்டிஷன் டேக்கிலேயே அடக்கப் பார்க்கும் புராஜெக்ட்களை நிறையப் பார்க்கலாம். ஒரே பத்திமேல் ‘4.2 மட்டும்’, ‘கிளவுட்’, ‘பிடிஎஃப் மட்டும்’, ‘தமிழ்’ என்று நாலு கலரில் டேக் கிடக்கும். அந்தப் பத்தி எந்த பில்டில் வரும் என்று அதை எழுதியவரிடமே கேட்டாலும் பில்ட் போட்டுப் பார்த்துத்தான் சொல்வார்.

மேனேஜர் “இன்னொரு வெர்ஷன் வேண்டும்” என்று சொன்னால், வேலையைத் தொடங்கும் முன் இந்த நாலில் எது என்று கேட்டுவிடுங்கள்.

கண்டிஷன் போடுவது எப்படி? ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

கடைக்கணக்கில் பில் போடும் பக்கம். ஜிஎஸ்டியில் காம்போசிஷன் என்ற, சின்ன வணிகர்களுக்கான எளிய திட்டத்தில் இருக்கிற கடைக்காரர் வரி இன்வாய்ஸ் தரக்கூடாது, ‘பில் ஆஃப் சப்ளை’ தர வேண்டும். ரெகுலர் திட்டத்தில் இருப்பவர் வரி இன்வாய்ஸ் தருவார். ஆக வாசகர் இரண்டு வகை. புதிதாக வருகிற ஒருவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார் (« » என்பது கண்டிஷனைக் குறிக்கும்):

1. புதிய «ரெகுலர்: வரி இன்வாய்ஸை» «காம்போசிஷன்: பில் ஆஃப் சப்ளையை»த் திறந்து, வாடிக்கையாளர் பெயரை «ரெகுலர்: ஜிஎஸ்டி எண்ணுடன்» நிரப்பிச் சேமிக்கவும்.

பார்க்கச் சிக்கனமாக இருக்கிறது. ஆனால் இந்த வரியை யாராலும் ஒரே மூச்சில் படிக்க முடியாது. ‘த்’ எங்கே ஒட்டும் என்று பாருங்கள். முதல் துண்டுக்குப் பிறகு இடைவெளி உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா? ரெகுலர் பில்டில் “வரி இன்வாய்ஸை த் திறந்து” என்று வந்து நிற்கும். மூன்று மாதம் கழித்து ‘ஏற்றுமதியாளர்’ என்று மூன்றாவது வாசகர் வருவார், அவருக்கும் இதே வரிக்குள் ஒரு துண்டு செருகப்படும். அதோடு வரி செத்தது.

அதையே இப்படி எழுதலாம்:

«ரெகுலர்» 1. புதிய வரி இன்வாய்ஸைத் திறக்கவும். வாடிக்கையாளர் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் நிரப்பவும்.
«காம்போசிஷன்» 1. புதிய பில் ஆஃப் சப்ளையைத் திறக்கவும். வாடிக்கையாளர் பெயரை நிரப்பவும்.
2. சேமிக்கவும்.

எழுத்து கொஞ்சம் கூடியிருக்கிறது. “ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதுவதுதான் சிங்கிள் சோர்ஸிங்கா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். முழு வாக்கியம் இரண்டு தடவை இருந்தால் இரண்டையும் படித்துச் சரிபார்க்க முடியும். எண்ணை மட்டும் கையால் போடாதீர்கள், டூலே போடட்டும். இல்லாவிட்டால் ஏதோ ஒரு பதிப்பில் 1-க்கு அடுத்து 3 வரும்.

அப்படியானால் எந்த அளவில் பிரிப்பது?

என் கணக்கு இதுதான்: வாக்கியத்துக்குள் கண்டிஷன் கூடாது. பட்டனின் பெயர் மாதிரி ஒற்றைச் சொல் மட்டும் மாறுகிறது என்றால் அதற்கு வேரியபிள் (பில்டில் பதிப்புக்கு ஏற்ற சொல் வந்து உட்காரும் இடம்) இருக்கிறது. ஒரு படி முழுதாக மாறினால் படியின்மேல் கண்டிஷன். ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் மாறுகிறது என்றால் பக்கத்தையே இரண்டாகப் பிரித்து, எந்தப் பதிப்பில் எந்தப் பக்கம் என்பதை உள்ளடக்கப் பட்டியலில் முடிவு செய்யுங்கள். பிரிவு மேலே போகப் போக வாழ்க்கை லேசாகும்.

‘பாதி’ என்பது கண்ணளவுதான், ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம். ஒரு பக்கத்தைத் திறந்ததும் கலர் கலராகத் தெரிந்தால் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

ஆஸ்கிடாக் என்ற டெக்ஸ்ட் வடிவத்தில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. அதில் கண்டிஷன் போடும் ‘இஃப்டெஃப்’ கட்டளை வரி வரியாகத்தான் வேலை செய்யும். பத்தி, பட்டியல் என்கிற அமைப்பெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே வரிக்கு ஒரு வாக்கியம் என்று எழுதும் பழக்கம் அங்கே பரவலாக இருக்கிறது. கண்டிஷனும் தானாக வாக்கிய எல்லையில் நிற்கும், கிட்டில் யார் எதை மாற்றினார்கள் என்பதும் பளிச்சென்று தெரியும். ஆஸ்கிடாக் தொடாதவர்கள்கூட இந்த ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பத்திக்கு இரண்டு டேக் போட்டால் என்ன ஆகும்?

டூலுக்கு டூல் மாறும், ஊகித்துக்கொண்டு போகாதீர்கள். டாக்குமெண்டேஷனுக்கான எக்ஸ்எம்எல் தரமான டீட்டாவில் (அதைப் பற்றிக் கீழே வரும்) விதி தெளிவாக இருக்கிறது. ‘ஆடியன்ஸ்’ என்ற ஒரே பண்பில் (அட்ரிபியூட்) ‘ரெகுலர்’, ‘காம்போசிஷன்’ என இரண்டு மதிப்பு போட்டிருந்தால், இரண்டையும் விலக்கினால்தான் பத்தி மறையும். ஒன்றை மட்டும் விலக்கினால் நிற்கும். அதுவே ஆடியன்ஸில் ஒன்று, பிளாட்ஃபார்மில் ஒன்று என இரண்டு தனித்தனிப் பண்பில் போட்டிருந்தால், ஏதாவது ஒரு பண்பு முழுதாக விலக்கப்பட்டாலே பத்தி போய்விடும். “லினக்ஸ் பில்டில் இந்தப் பத்தியைக் காணோமே” என்று வருகிற புகார்களில் பலவற்றுக்கு விடை இதில் இருக்கும்.

எந்த டூல் நல்லது? கம்பெனிக்கு கம்பெனி வேறு வேறு பெயர் சொல்கிறார்களே?

பெங்களூரில் வேலை தேடினால் காதில் விழுகிற பெயர்கள் சில. ஃபிரேம்மேக்கர் பழைய ஆள், 1995-ல் அடோபி வாங்கியது. தடித்த பிடிஎஃப் கையேடுகளுக்கும் கண்டிஷனல் டெக்ஸ்டுக்கும் பேர்போனது. ரோபோஹெல்ப்பும் இப்போது அடோபி கையில். ரோபோஹெல்ப்பில் வேலை பார்த்தவர்கள் சிலர் வெளியே வந்து 2005-ல் தொடங்கிய மேட்கேப் நிறுவனத்தின் சரக்குதான் ஃப்ளேர். கண்டிஷன், ஸ்னிப்பெட், வேரியபிள், டார்கெட் (எந்த அவுட்புட் வேண்டும் என்ற அமைப்பு) எல்லாம் அதில் கையெட்டும் தூரத்தில் இருக்கும். இவை மூன்றும் காசு கொடுத்து வாங்குபவை.

இன்னொரு பக்கம் டெவலப்பர்கள் விரும்புகிற வழி: டெக்ஸ்ட் கோப்பு, கிட், தானியங்கி பில்ட். பைத்தான் உலகத்தில் பிறந்த ஸ்ஃபிங்க்ஸ் 2008-லிருந்து இருக்கிறது. ஆஸ்கிடாக் 2002-ல் வந்தது. இவை இலவசம். மார்க்டவுன் எழுத எளிது, ஆனால் அதற்கென்று சொந்தமாகக் கண்டிஷன் கிடையாது, மேலே எந்த டூலைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மார்க்டவுனிலிருந்து தளம் கட்டும் டாக்யுசாரஸில் புதிய ரிலீஸ் போடும்போது டாக் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துத் தனியாக வைத்துவிடும். ஒரே சோர்ஸ் என்று சொல்லிவிட்டு காப்பியா என்று தோன்றும். முடிந்துபோன ரிலீஸை உறைய வைக்க அது நல்ல வழிதான். எடிஷன்களைப் பிரிக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

டூலை வைத்து நல்ல டாக், கெட்ட டாக் என்று பிரிக்க முடியாது. ஆஸ்கிடாக்கில் வாக்கியத்துக்கு வாக்கியம் கண்டிஷன் போட்டுக் குழப்பியவர்களும் உண்டு, பழைய ஃபிரேம்மேக்கரில் சுத்தமாக வைத்திருப்பவர்களும் உண்டு.

டீட்டா கட்டாயம் தெரிய வேண்டுமா?

பெரிய நிறுவனங்களில் இன்டர்வியூவில் கேட்பார்கள், ஆகவே அடிப்படை தெரிந்திருப்பது நல்லது. ஐபிஎம்மில் உருவானது. தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு 2005-ல் அதைத் தரமாக ஏற்றது. பரிணாமம், மரபு என்கிற யோசனையில் பெயரிலேயே (டார்வின் இன்ஃபர்மேஷன் டைப்பிங் ஆர்க்கிடெக்சர்) டார்வினைச் சேர்த்திருக்கிறார்கள். எழுதுவதைக் கருத்து, செயல்முறை, குறிப்பு என்று மூன்று வகை டாபிக்காகப் பிரிக்கச் சொல்லும். எந்த டாபிக் எந்த வரிசையில் என்பது ‘மேப்’ கோப்பில் இருக்கும். ஒரே டாபிக் பல மேப்பில் வரலாம். ஒரு டாபிக்கின் ஒரு துண்டை இன்னொன்றில் இழுத்துக்கொள்ள கான்ரெஃப். எதை விடுவது, எதை எடுப்பது என்று பில்டுக்குச் சொல்ல டீட்டாவேல் கோப்பு.

நாலு பேர் இருக்கிற டீம், ஒரு மென்பொருள், ஒரு மொழி என்றால் டீட்டா வேண்டாம். எக்ஸ்எம்எல்லைக் கட்டி மேய்க்கவே நாள் போய்விடும். பல மென்பொருள், பல மொழி, ஆண்டுக்கணக்கில் பராமரிப்பு என்றால் அதன் கறார்த்தனம் கை கொடுக்கும்.

பழைய ரிலீஸின் ஹெல்ப்பை எப்படி வைத்திருப்பது?

ரிலீஸுக்கு ஒரு பிராஞ்ச். 4.2 வெளியானதும் அதற்குப் பிராஞ்ச் பிரித்துவிடுங்கள், மெயினில் (முதன்மைக் கிளையில்) 5.0 வேலை ஓடட்டும். பொதுவான தப்பு ஒன்று கண்ணில் பட்டால் மெயினில் திருத்தி, செர்ரி-பிக் செய்து (அந்த ஒரு திருத்தத்தை மட்டும் எடுத்து) 4.2-க்குக் கொண்டுபோங்கள். ஆண்டோரா போன்ற டூல் பிராஞ்ச்களை நேரடியாகப் படித்து, ஒரே தளத்தில் எல்லா ரிலீஸையும் தேர்ந்தெடுக்கும்படி காட்டிவிடும்.

‘4.2 மட்டும்’ என்ற கண்டிஷன் டேக்கை மட்டும் தொடங்கிவிடாதீர்கள். டேக் போடுவதற்கு ஆள் இருப்பார், எடுப்பதற்கு இருக்க மாட்டார்.

தமிழ், கன்னடப் பதிப்புகளுக்கும் இது அப்படியே வேலை செய்யுமா?

அப்படியே செய்யாது. முக்கியமான சிக்கல் வேரியபிளில். ஆங்கில சோர்ஸில் மென்பொருளின் பெயர் வரும் இடத்திலெல்லாம் ஒரு வேரியபிள் இருக்கும். தமிழில் “«பெயர்»ஐத் திறக்கவும்” என்று மொழிபெயர்த்தால் பில்டில் “கடைக்கணக்குஐத் திறக்கவும்” என்று வரும். ‘கடைக்கணக்கைத்’ என்று வந்திருக்க வேண்டும். இன்னொரு எடிஷனின் பெயர் ‘கடைக்கணக்கு புரோ’ என்றால் அங்கே ‘புரோவைத்’ என்று வர வேண்டும். வேற்றுமை உருபு பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்து ஒட்டும், டூலுக்கு அது தெரியாது.

பக்கத்து சீட்டில் கன்னடம் பார்ப்பவருக்கும் இதே தொல்லைதான். அங்கேயும் ‘அன்னு’, ‘அல்லி’ எல்லாம் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். டெல்லி டீம் “எங்களுக்கு ஒன்றும் பிரச்சினை இல்லையே” என்று சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். இந்தியில் ‘கோ’, ‘மே’ எல்லாம் தனிச்சொல்லாக நிற்பதால் வேரியபிள் பெரும்பாலும் தப்பிக்கிறது. அவர்களுக்கு ஆண்பால் பெண்பாலில் வேறு தலைவலி இருக்கும்.

தமிழுக்கு வழி எளியதுதான். வேரியபிளைத் தொட்டுக்கொண்டு உருபு வராதபடி எழுதுங்கள். “«பெயர்» செயலியைத் திறக்கவும்”, “«பெயர்» என்ற மெனுவில்”, “«பெயர்» பட்டனை அழுத்தவும்”. பின்னால் வரும் சொல் உருபைத் தாங்கிக்கொள்ளும், முன்னால் எந்தப் பெயர் வந்தாலும் கவலை இல்லை. இதை மொழிபெயர்ப்பாளருக்கான குறிப்பேட்டில் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

வாக்கியத்துக்குள் கண்டிஷன் வேண்டாம் என்றேனே, மொழிபெயர்ப்பில் அதன் விலை இன்னும் தெளிவாகத் தெரியும். டிரான்ஸ்லேஷன் மெமரி வாக்கியம் வாக்கியமாகத்தான் சேமிக்கிறது. இரண்டு எடிஷனுக்கான துண்டும் ஒரே வாக்கியத்தில் கிடந்தால் மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டும் சேர்ந்து ஒரு கலவையாகத்தான் வரும். ஆங்கிலத்தில் முதலில் நிற்கும் வினை தமிழில் கடைசிக்குப் போய்விடும். ஒட்டியிருந்த டேக் எந்தச் சொல்லோடு போக வேண்டும் என்பதை அவர் குத்துமதிப்பாக முடிவு செய்வார். ஆங்கில பில்ட் சரியாக இருக்க, தமிழ் பில்டில் மட்டும் காம்போசிஷன் கடைக்காரருக்கு ஜிஎஸ்டி எண் கேட்கும் படி வந்து நிற்கும்.

ஸ்கிரீன்ஷாட்டை என்ன செய்வது?

குறைத்துக்கொள்ளுங்கள். எடிஷன், இயங்குதளம், மொழி மூன்றும் படத்தில் தெரியும், ஆகவே பெருக்கல் கணக்கு மறுபடி தொடங்கும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் முழுத் திரை வேண்டாம், தேவையான பகுதியை மட்டும் வெட்டுங்கள். எல்லாப் பதிப்பிலும் கோப்புப் பெயர் ஒன்றாகவும், ஃபோல்டர் மட்டும் வேறாகவும் இருக்கட்டும். பில்ட் தனக்கு வேண்டிய ஃபோல்டரை எடுத்துக்கொள்ளும்.

இலவசப் பதிப்பில் ஒரு பக்கத்தை விலக்கினேன். அதற்குப் போகும் லிங்க்குகள் என்ன ஆகும்?

உடையும். சில டூல் எச்சரிக்கும், சில டூல் லிங்க் இருந்த இடத்தில் வெறும் எழுத்தை விட்டுவிட்டு ஒன்றுமே சொல்லாது. “மேலும் விவரங்களுக்கு இ-இன்வாய்ஸ் பக்கத்தைப் பார்க்கவும்” என்ற வரி, அப்படி ஒரு பக்கமே இல்லாத பதிப்பில் அநாதையாக நிற்கும்.

பத்திக்குள் லிங்க் போடுவதைக் குறைத்து, பக்கத்தின் அடியில் ‘தொடர்புடையவை’ என்று தொகுப்பது பாதி வியாதியைத் தீர்க்கும். டீட்டாவில் அந்த உறவுகளை மேப்பிலேயே அட்டவணையாக வைக்கலாம், டாபிக்குக்குள் ஒன்றும் இருக்காது. ‘கீ’ வைத்து லிங்க் கொடுத்தால், ஒரே பெயர் நிறுவனப் பதிப்பின் மேப்பில் ஒரு பக்கத்துக்கும் இலவசப் பதிப்பின் மேப்பில் வேறு பக்கத்துக்கும் போகும்படி செய்யலாம்.

எஃப்1 ஹெல்ப்புக்கும் இதே எச்சரிக்கை. டெவலப்பர் கோடில் எழுதிய ஐடிக்கு நிகரான பக்கம் எல்லாப் பதிப்பிலும் இருக்கிறதா என்று ஒவ்வொரு பில்டிலும் பார்க்க வேண்டும்.

டீமுக்கான உள்குறிப்புகளையும் அதே சோர்ஸில் வைக்கலாமா? வெளியே போய்விடாதா?

போகும். அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளருக்குப் போன பிடிஎஃப்பில், “இந்தப் பட்டன் அடுத்த ரிலீஸில்தான் வேலை செய்யும், கேட்டால் சமாளிக்கவும்” என்று இருந்ததாக அங்கே வேலை பார்த்தவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அன்றைக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். யாரோ ‘உள்’ என்பதற்குப் பதில் ‘உள்குறிப்பு’ என்று புதிதாக ஒரு டேக் போட்டிருப்பார்கள். விலக்கும் பட்டியலில் அது இருக்காது. டீட்டாவேலில் பெயர் சொல்லாத மதிப்புகள் எல்லாம் இயல்பாகவே உள்ளே சேர்த்துக்கொள்ளப்படும். ஆகவே வெளியே போகும் பில்டுக்கு, அந்தப் பண்பின் இயல்பு நிலையையே ‘விலக்கு’ என்று மாற்றிவிட்டு, வேண்டியதை மட்டும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதித்த டேக் பெயர்களின் பட்டியல் ஒன்று வைத்து, அதில் இல்லாத டேக் வந்தால் பில்ட் நின்றுபோகும்படி செய்யுங்கள்.

வெப் ஹெல்ப்பில் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றக் கட்டளைகள்) வைத்து மறைப்பதை விலக்குவது என்று நினைக்காதீர்கள். பிரவுசரில் சோர்ஸைத் திறந்தால் எல்லாம் தெரியும். விலை விவரம், வெளியிடாத வசதி, வாடிக்கையாளர் பெயர் போன்றவற்றை என்ன டேக் போட்டாலும் இதே சோர்ஸில் வைக்காமல் இருப்பதுதான் நிம்மதி.

இத்தனை பதிப்பையும் யார் படித்துப் பார்ப்பது?

எல்லாவற்றையும் முழுதாகப் படிக்க ஆள் கிடைக்க மாட்டார். இயந்திரம் பார்க்க வேண்டியதை இயந்திரத்திடம் விடுங்கள்: உடைந்த லிங்க், மதிப்பு இல்லாத வேரியபிள், பட்டியலில் இல்லாத டேக், ஒரு படிகூட மிஞ்சாமல் காலியான பக்கம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாப் பதிப்பும் பில்ட் ஆக வேண்டும், ரிலீஸுக்கு முந்தின நாள் மட்டும் போதாது.

மனிதர் பார்க்கும்போது சோர்ஸைப் பார்க்க வேண்டாம், அவுட்புட்டைப் பார்க்கட்டும். ஒருவர் ஒரு பதிப்பை எடுத்துக்கொண்டு, அந்த எடிஷன் மென்பொருளைப் பக்கத்தில் திறந்துவைத்து, படிகளை அப்படியே செய்து பார்க்கட்டும். அடுத்த ரிலீஸில் அவருக்கு வேறு பதிப்பு. போன பில்டின் அவுட்புட்டையும் இந்த பில்டின் அவுட்புட்டையும் ஒப்பிட்டு, மாறிய பக்கங்களை மட்டும் எடுத்துக் கொடுத்தால் வேலை இன்னும் சுருங்கும். கிளவுடுக்காக எழுதிய ஒரு வரி சர்வர் பதிப்பில் நுழைந்திருந்தால் அந்த ஒப்பீட்டில் உடனே மாட்டிக்கொள்ளும்.

இப்போது எல்லாரும் சாட்பாட்டிடம்தானே கேட்கிறார்கள்? இதெல்லாம் இனிமேல் தேவையா?

முன்பைவிட அதிகம் தேவை. எல்லா எடிஷனின் ஹெல்ப்பையும் ஒரே குவியலாகச் சாட்பாட்டுக்குக் கொடுத்தால், இலவசப் பதிப்புக்காரர் கேட்ட கேள்விக்கு நிறுவனப் பதிப்பின் மெனுவைச் சொல்லும், அதுவும் ரொம்ப நம்பிக்கையோடு. பில்ட் ஆகும்போது ஒவ்வொரு பக்கத்தோடும் எடிஷன், ரிலீஸ், இயங்குதளம் என்ற விவரத்தை மெட்டாடேட்டாவாக அனுப்பிவிட்டால், தேடும் இடத்திலேயே வடிகட்டலாம். அந்த விவரம் ஏற்கெனவே உங்கள் கண்டிஷன்களில் இருக்கிறது. பக்கங்களை எடிஷன் வாரியாகப் பிரித்து வைத்தவர்களுக்கு இது சுலபம், வாக்கியத்துக்குள் பிரித்தவர்களுக்குத்தான் திண்டாட்டம்.

ஒரு பதிப்பை நிறுத்தினால் டேக்குகளை என்ன செய்வது?

அதே வாரத்தில் எடுத்துவிடுங்கள். கடைக்கணக்கின் லினக்ஸ் பதிப்பு விற்பனையிலிருந்து போய்விட்டது என்று வையுங்கள். பில்டை நிறுத்தினால் போதும் என்று விட்டுவிடுவார்கள். சோர்ஸில் லினக்ஸ் பத்திகள் அப்படியே கிடக்கும், புதிதாகச் சேர்ந்தவர் அவற்றையும் பொறுப்பாகத் திருத்திக்கொண்டிருப்பார், மொழிபெயர்ப்புக்கும் காசு போகும். லினக்ஸ் மட்டும் என்று இருப்பதை அழியுங்கள், ‘லினக்ஸ் தவிர’ என்று இருப்பதிலிருந்து டேக்கைக் கழற்றுங்கள். பிற்காலத்தில் வேண்டியிருந்தால் கிட்டில் இருக்கிறது.

டூல் வாங்கித் தர கம்பெனி இல்லை, அனுபவமும் இல்லை. எப்படிக் கற்றுக்கொள்வது?

ஸ்ஃபிங்க்ஸ், ஆஸ்கிடாக்கை பில்ட் செய்யும் ஆஸ்கிடாக்டர், டீட்டாவை பில்ட் செய்யும் டீட்டா ஓப்பன் டூல்கிட் மூன்றையும் இலவசமாக உங்கள் லேப்டாப்பிலேயே போட்டுக்கொள்ளலாம். நீங்கள் நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எடுத்து, ஏழெட்டுப் பக்கத்துக்கு ஹெல்ப் எழுதுங்கள். விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, இரண்டுக்கும் பிடிஎஃப்பும் வெப்பும். அப்புறம் அதில் ஒரு பக்கத்தைத் தமிழிலும் எடுங்கள், வேரியபிள் தகராறு நேரிலேயே தெரிந்துவிடும். சோர்ஸைப் பொதுவில் பார்க்கும்படி கிட்டில் போட்டு, எதை வேரியபிள் ஆக்கினீர்கள், எந்தப் பக்கத்தை இரண்டாகப் பிரித்தீர்கள், ஏன் என்று ரீட்மீயில் நாலு வரி எழுதுங்கள். இன்டர்வியூவில் அந்த நாலு வரியிலிருந்துதான் கேள்வி வரும்.